இருக்கைக்கு அடியில் மின்சாரம்

பச்சை விளக்கு அணைந்துவிட்டது. குனிந்து பார்த்தேன், இல்லை. நெற்றியை முன் இருக்கையின் முதுகில் முட்டுக் கொடுத்து, கால்களை அகட்டி, மறுபடி பார்த்தேன், இல்லைதான். எனக்கும் பக்கத்து அம்மாளுக்கும் நடுவில், இருக்கைக்கு அடியில் இருக்கிற பிளக் பாயிண்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை வெளிச்சம் இவ்வளவு நேரம் எரிந்துகொண்டிருந்தது. தோகாவில் விமானம் மாறி ஏறியதும், பையை மேலே வைப்பதற்கு முன்னால், பெல்ட்டின் மறுமுனையைத் தேடுவதற்கு முன்னால், அதைத்தான் தேடினேன். ஏறும்போதும் இறங்கும்போதும் கரண்ட் விடமாட்டார்கள், மேலே போய் நேரானதும்தான் விடுவார்கள் என்று மகள் தேன்மொழி போனில் சொல்லியிருந்தாள். அப்படியே நேரானதும் பச்சை வந்தது. சார்ஜரின் பின் லொடலொடவென்று இருந்தது, கொஞ்சம் அசைந்தாலும் நழுவியது. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு இடது கால் பெருவிரலால் அதை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோறு வந்தபோதும் அப்படித்தான் சாப்பிட்டேன், மடியில் லேப்டாப், லேப்டாப்புக்கு மேலே தட்டு, தட்டுக்குக் கீழே உயிர். இப்போது விரலால் எவ்வளவு அழுத்தியும் விளக்கு வரவில்லை. திரையின் வெளிச்சம் தானாகவே ஒரு படி மங்கியது. அது மங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சார்ஜரை விட்டுவிட்டுத் தன் சொந்த பேட்டரிக்குப் போய்விட்டது. சொந்த பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும். தேன்மொழி இருக்கிற சியாட்டில் இன்னும் பாதி உலகம் தள்ளி இருக்கிறது. திரையில் சீட்டுகள் அப்படியே இருந்தன, என் மனைவி பாவாயி வைத்துவிட்டுப் போனபடி, ஏழு வரிசையாக, மூலையில் கவிழ்ந்த கட்டோடு. கறுப்புப் பத்து ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கறுப்புப் பத்து. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற சீட்டுகள். கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் அவற்றை வைத்து எப்படி ஆடுவது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

வெளிச்சத்தை இன்னும் குறைத்தேன், கடைசிப் படி வரை. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள், வெளியே பகல், உள்ளே சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டு. குறைத்தால் இன்னும் பத்து நிமிஷம் கிடைக்கும் என்பது நானாகக் கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை, சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு யார் சொல்லித் தருவார்கள், எட்டாவதோடு நின்றவன், எல்லாமே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இது தேன்மொழி ஆபீஸில் கழித்துக் கொடுத்த பழைய லேப்டாப். அம்மா முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வாங்கி வந்து வைத்தாள், பாவாயி பேசியது கொஞ்சம், சீட்டு ஆடியதுதான் அதிகம். அவள் போன பிறகு நான் அதை அணைக்கவே இல்லை. அணைத்தால் ஆட்டம் போய்விடும், சேமித்து வைக்கிற வழி அந்த ஆட்டத்தில் இல்லையாம். மூடித் தூங்க வைத்தால் சில சமயம் எழுந்திருக்கும், சில சமயம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கும், அதனால் மூடுவதும் இல்லை. இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டேன், அது இருந்தால் ராத்திரியில் தானாகவே அணைந்து எழுந்துகொள்ளும் என்றார்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலிருந்து மத்தியானம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள்தான் எனக்குக் கண்டம். பேப்பரில் எங்கள் பகுதி பெயர் வருகிறதா என்று தினமும் பார்ப்பேன். வந்துவிட்டால் இதைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜெனரேட்டர் ஓடுகிற இடமாகப் பார்த்துப் போவேன். ஒரு வைகாசியில் அப்படிப் போனது ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்தவர், "மாப்பிள்ளை வீடுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். உள்ளே ஒருவர், "பொண்ணு வீடுங்களா?" என்றார். அவருக்கும் "ஆமாங்க" என்றேன். பிளக் பாயிண்ட் இருந்தது பந்தி நடக்கிற இடத்தில். உட்கார்ந்தேன், இலை போட்டுவிட்டார்கள். பரிமாறியவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "வீடியோக்காரருங்களா? இங்கயே எடிட்டிங் பண்ணிருவீங்களா?" என்று இன்னொரு ஜாங்கிரி வைத்தார். அதையும் மறுக்கவில்லை. பாவாயி இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், ஏனுங், வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு, ஜாங்கிரி எனக்கு ஒண்ணு மடியில கட்டிட்டு வந்திருக்கலாமில்ல என்று. அவளோடு சிரிப்பதற்காகவே நடக்கிற மாதிரி சில விஷயங்கள் இப்போதும் நடக்கின்றன.

"என்னண்ணே, கீழ விழுந்துருச்சா எதாச்சும்?" என்றார் பக்கத்து அம்மாள். பெயர் வள்ளிமயில், மதுரை, சியாட்டிலில் தம்பி வீட்டுக்குப் போகிறார். தோகாவில் உட்கார்ந்த உடனேயே இவ்வளவையும் சொல்லிவிட்டார், என்னைக் கேட்கவும் கேட்டார், நான் மகள் வீடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். "கரண்ட் வரமாட்டேங்குதுங் அம்மணி" என்றேன். "அம்மணியா! ஆத்தாடி, என் புருசங்கூட இப்பிடிக் கூப்புட்டதில்லண்ணே" என்று சிரித்துவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் தலைக்கு மேலே இருந்த பொத்தானை அழுத்திவிட்டார். பணிப்பெண் வந்தாள். அம்மாள் கையாலும் கொஞ்சம் இங்கிலீஷாலும் விளக்கினார், "நோ கரண்ட், பிரதர் நோ கரண்ட்." எனக்கே கரண்ட் போய்விட்ட மாதிரி இருந்தது. பணிப்பெண் குனிந்து பார்த்து, போய், எங்கேயோ எதையோ அணைத்துப் போட்டாள் போலிருக்கிறது, பச்சை வந்தது. என் பெருவிரலுக்குப் பக்கத்தில் அந்தக் கடுகு எரிந்தது, நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, அது சரியாக உட்கார்வதற்குள் மறுபடி அணைந்துவிட்டது. திரும்பவும் பொத்தான், திரும்பவும் அந்தப் பெண். இந்த வரிசைக்கே ஒரே கரண்ட் பெட்டியாம், ஒரு தடவைக்கு மேல் போட்டுப் பார்த்தாயிற்று, இனி தரையிறங்கித்தான் பார்க்க முடியும், மன்னிக்க வேண்டும், விமானம் நிறைந்திருக்கிறது, மாற்றித் தர இருக்கை இல்லை. இதையெல்லாம் அவள் மெதுவாகச் சொன்னாள், நல்ல பெண். முன் இருக்கையின் முதுகில் போன் செருகுகிற சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. அம்மாள் தன் போனைப் பிடுங்கிவிட்டு, "இதுல போடுங்கண்ணே" என்றார். அதில் இந்தப் பழைய லேப்டாப் ஏறாது. அவர் முகம் வாடிப்போனது, தன் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி போடப் பால் இல்லாத மாதிரி. மூலையில் பேட்டரிப் படம் பாதியாக இருந்தது.

பாதி. வெளியே மேகம் கீழே போய்க்கொண்டிருக்கும், இறக்கைக்கு அடியில் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது, இத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு பறக்கிற கரண்ட் எல்லாம் இருக்கிறது, எனக்கு ஒரு சொட்டு இல்லை. தேன்மொழி, போட்டோ எடுத்து வெச்சுக்குங்கப்பா என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறாள், எடுத்தும் வைத்திருக்கிறேன். போட்டோவில் கவிழ்ந்த சீட்டைத் திருப்ப முடியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது. அவளுக்கு இது அம்மாவின் ஞாபகம், அப்பாவின் பைத்தியம். எனக்கு அது இல்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி, அதன் பதில் இந்த ஏழு வரிசைக்குள்ளும் அந்தக் கட்டுக்குள்ளும் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் நடு அறையில் ஆடிக்கொண்டிருந்தாள், மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை, எப்போது நின்றது என்று சொல்லத் தெரியாது, ஒரு சத்தம் நிற்பதை யார் கவனிக்கிறார்கள். எங்கள் வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சந்து உண்டு. இடப்பக்கம் திரும்பினால் பொடக்காளி, வீட்டின் பின்புறம், அங்கே துணிக்கொடி, துவைத்த துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வலப்பக்கம் திரும்பினால் முன்னறை, நான். அந்தச் சந்தின் நட்ட நடுவில் விழுந்து கிடந்தாள். முகம் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை, சுவரைப் பார்த்து. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கண் ஒரு தடவை திறந்தது, வாய் திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நடு அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சீட்டுகள் திரையில் இருந்தன. அன்றிலிருந்து அந்தக் கேள்வி. அவள் ஆட்டத்தின் நடுவில் எழுந்திருக்க மாட்டாள். பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள், ஏனுங், பாலை எறக்கி வையுங் என்று அங்கிருந்தே சத்தம் போடுவாள். அப்படிப்பட்டவள் எதற்காக எழுந்தாள். ஆட்டம் முடிந்து துணி எடுக்கப் போனாளா. அல்லது தலைக்குள் ஏதோ செய்து, கூப்பிட நாக்கு வராமல், என்னைத் தேடி எழுந்து வந்தாளா. சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி வைத்து அடி வைத்து, நான் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்கிற தூரம் வரைக்கும் வந்தாளா. இதுதான். இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், சுவரைப் பிடித்த கை, வளையல் சுவரில் உரசுகிற சத்தம், என் பக்கமாக வருகிற பாவாயி. வந்து சேராத பாவாயி. எனக்கு முன்னால் விரித்த பேப்பர்.

கட்டைத் திருப்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கட்டைத் தொட்டால் அவள் வைத்தது கலைந்துவிடும். அது ஒரு காரணம், சொல்லிக்கொள்கிற காரணம். ஆட்டத்தில் இன்னும் போடுவதற்கு இடம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அவள் நடுவில்தான் எழுந்தாள் என்றாகிவிடும், அப்புறம் அந்தச் சந்தில் அவள் யாரைத் தேடி வந்தாள் என்பதில் சந்தேகமே இருக்காது. அது இன்னொரு காரணம். தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு நாளைக்குப் பாதி அவள் துணி எடுக்கப் போகிறாள், பாதி என்னிடம் வருகிறாள். யாரையும் கேட்கவும் இல்லை. ஆடத் தெரிந்தவர்கள் விரலை நீட்டிவிடுவார்களோ என்ற பயம். நானே கற்றுக்கொண்டிருக்கலாம், எவ்வளவோ கற்றுக்கொண்டவன், இதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றார் வள்ளிமயில், ரொம்ப நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், "தோகாவுலருந்து பாக்குறேன், ஒரு சீட்டுகூட நகத்தல நீங்க. எங்க தெருவுல இப்பிடி யோசிச்சா எந்திரிச்சுப் போயிருவாளுக." "இருக்கட்டுங்" என்றேன். "யோசிக்கிறதுக்கு அதுல ஒண்ணுமில்லண்ணே, கட்டத் திருப்புங்க, வந்தா மலை." "வேண்டாங் அம்மணி." என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் அசைந்தார். வள்ளிமயில் வாயை மூடிக்கொண்டார். பாவம். எனக்கு யாரையும் கடிந்து பேசிப் பழக்கம் இல்லை. பேட்டரிப் படம் சிவப்பாகிவிட்டது. சிவப்பானதும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து இங்கிலீஷில் எச்சரித்தது, சார்ஜரைச் செருகு, இல்லாவிட்டால் வேறு இடம் தேடு. தேடிவிட்டேனடா, ஆகாயம் வரைக்கும் வந்து தேடிவிட்டேன். அது அணையப் போகிறது, நான் தொட்டாலும் தொடாவிட்டாலும் அணையப் போகிறது. அணைந்த பிறகு எனக்குத் தெரிந்துகொள்ளவே வழி இருக்காது, சந்தின் நடுவில் அவளை அப்படியே விட்டுவிட்டு நான் மிச்ச நாளெல்லாம் வாழ வேண்டும். இத்தனை நாளும் தெரியாது என்பது நானாக வைத்துக்கொண்ட தெரியாது. இனிமேல் அப்படி இல்லை.

"அம்மணி" என்றேன், "கோச்சுக்காதீங். எனக்கு ஆடத் தெரியாதுங். இதுல இன்னும் ஆட்டம் இருக்குதான்னு பாத்துச் சொல்லோணும்." அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆடத் தெரியாதவன் எதற்கு இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்க வாய் வந்து, கேட்காமல், மூக்குக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினேன். "மேல ரெண்டு ஆஸ்தான் ஏறியிருக்கு. கீழ பாருங்க, இஸ்பேட் பத்து, கிளாவர் பத்து, ரெண்டும் கறுப்பு. இதுக்கு மேல வெக்க செவப்பு ஒம்பது வேணும். இங்கிட்டு ஆர்ட்டின் நாலு, டைமன் நாலு, ரெண்டும் செவப்பு. இதுக்குக் கறுப்பு மூணு வேணும். மத்த வரிசையும் இதே கததான். வரிசையிலருந்து வரிசைக்கு எதுவும் நகராது. இனி கட்டுலருந்து வந்தாத்தான் உண்டு. திருப்பவா?" "நான் திருப்பறங்" என்றேன். அவள் கை கடைசியாகப் பட்ட மவுஸ் ஊரில் மேஜை மேல் இருக்கிறது, இங்கே எழுத்துப் பொத்தான்களுக்குக் கீழே இருக்கிற இந்தச் சதுரத்தில் என் விரல். தட்டினேன். ஒரு சீட்டு புரண்டது. டைமன் ராஜா. "காலி வரிசை இல்ல, ராஜா வந்து என்ன செய்ய, போகட்டும்." தட்டினேன். ஆர்ட்டின் ஆறு. "ம்ஹூம்." தட்டினேன். ஒன்பது. "ஒம்பதுங்!" என்றேன், போயிற்று, இருந்திருக்கிறது, இடம் இருந்திருக்கிறது, வைக்காமல் எழுந்து வந்திருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "கறுப்புண்ணே" என்றார் அவர். "கிளாவர் ஒம்பது. கறுப்பு மேல கறுப்ப வெக்கக் கூடாது. அடுத்தது." ராணி. ஜாக்கி. எட்டு. ஒவ்வொன்றாக என் பாவாயி பார்த்த சீட்டுகள் வந்து வந்து படுத்துக்கொண்டன, ஒவ்வொன்றுக்கும் அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, இல்லை, இல்லை, போகட்டும், சனியன், இல்லை என்றார். கட்டு தீர்ந்தது. "ஒரு சுத்துப் போதாது, மறுபடி ஒருக்கா ஓட்டுங்க, எதையும் விட்டுரக் கூடாது" என்றார். என்னைவிட அவருக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன். மூலையில் சிவப்பு, ஒரு கீற்று. ராஜா, ஆறு, கறுப்பு ஒன்பது, ராணி, ஜாக்கி, எட்டு. கடைசிச் சீட்டு புரண்டதும் அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "முடிஞ்சுதுண்ணே. இதுல ஒண்ணும் கெடையாது. வேணுங்கிற சீட்டெல்லாம் அடியில கவுந்து கெடக்கு. கடவுளே வந்து ஒக்காந்தாலும் இதுக்கு மேல ஒரு சீட்டு நகராது." "நெசமாலுங்களா?" "முப்பது வருசமா சீட்டு ஆடுறேன், பொய்யா சொல்றேன்? இத ஆடுன ஆளு கடேசி வரைக்கும் பாத்து ஆடித்தான் வுட்டுருக்கு. நல்ல கைதான். சீட்டு சரியில்ல, அம்புட்டுத்தான்."

கடைசி வரைக்கும் ஆடித்தான் விட்டிருக்கிறாள். நான் அந்தப் பத்துகளைப் பார்த்தேன், பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் கறுப்பு. கண்ணில் நீர் வந்து அவை நான்காகத் தெரிந்தன. "அட, என்னண்ணே இது, ஒரு ஆட்டந்தான், இதுக்குப் போயி" என்று அவர் என் முழங்கையைத் தொட்டார், "வேற போட்டு ஆடுனா வந்துட்டுப் போகுது." "நான் ஆடுனது இல்லீங்" என்றேன், "என்ற வூட்டுக்காரி ஆடுனதுங். தவறிட்டா." சொல்லிவிட்டு, இந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாக நான் யாரிடமும் சொன்னதில்லையே என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நேரத்தில் திரை ஒரு முறை துடித்து அணைந்தது, சீட்டுகள் இருந்த இடத்தில் என் முகம் கறுப்பாகத் தெரிந்தது, பக்கத்தில் அவர் முகம். "ஐயையோ, போச்சே" என்று அவர் தலைக்கு மேலே பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். "வேண்டாங், உடுங்" என்றேன். மூடினேன். மூடுகிற சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. பெருவிரல் இன்னும் பிளக்கை அழுத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது, எடுத்தேன், மரத்துப் போயிருந்தது, ரத்தம் மெல்ல மெல்ல ஊறி வந்தது. நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆட்டம் முடிந்த பிறகும் தலையில் ஏதாவது செய்திருக்கலாம், யார் கண்டது. ஆனாலும் தோற்றுப்போனால் அவள் எப்படி எழுந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இத்தனை நாளும் ஏன் அது ஞாபகத்துக்கு வரவில்லை என்றுதான் தெரியவில்லை. மவுஸை ஒரு தள்ளு தள்ளுவாள். அட கருமமே என்று சீட்டைத் திட்டுவாள். நாற்காலியைக் காலாலேயே பின்னால் நகர்த்தி, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, அடுத்த வேலை என்ன என்று ஒரு நிமிஷம் நிற்பாள். துணி காய்ந்திருக்கும். மழை ஒன்றும் வரவில்லை, நல்ல வெயில். முன்னறையில் நான் பேப்பர் புரட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும், அந்த மனுசன் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும், கூப்பிட வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. தோற்ற ஆட்டத்தை முணுமுணுத்துக்கொண்டே, சுவரைப் பிடிக்காமல், இடப்பக்கமாக, அவசரம் எதுவும் இல்லாமல் நடந்து போயிருக்கிறாள்.